உங்களுக்குத் தெரியுமா? ஆறாத புண்ணும் ஆன்டிபயாடிக்கும்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியாயிற்று. உடம்பும் இளைத்து வருகிறது. ஆனால் வயிற்றில் இருக்கும் சின்னப் புண் மட்டும் ஆறவில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது. இது ஏன்? பதிலைத் தாம்பரம் சானடோரியத்திலிருந்தே தொடங்கலாம்.

● 1928: டாக்டர் டேவிட் சௌரி முத்து, 12 படுக்கைகளோடு தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கிய ஆண்டு. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் அதே ஆண்டுதான். ஆனால் பெனிசிலின் காசநோய்க்குப் பயன்படவில்லை. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படும்வரை நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடுமே முக்கிய வைத்தியம். எல்லா மருந்தும் எல்லாக் கிருமியையும் கொல்லாது என்பதே அதில் நமக்குப் பாடம்.

● காசநோய்க் கிருமியின் பங்காளிகள்: தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் சில மைக்கோபாக்டீரியங்கள் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. அவற்றில் ஒன்று 1903-ல் கடலாமையின் நுரையீரலில் கண்டறியப்பட்டது. துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஆறாமல் இழுத்தடிக்கும் புண்களுக்கு இந்தக் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல் விட்டாலோ, மருந்தில் ஊறவைத்த பின் குழாய்த் தண்ணீரில் அலசினாலோ இவை உள்ளே நுழைந்துவிடும்.

● தாமதமே அடையாளம்: சாதாரணக் கிருமி என்றால் சில நாட்களிலேயே புண் சிவந்து வலிக்கும். இந்தப் பங்காளிகள் பெரும்பாலும் 3, 4 வாரம் கழித்தே தலைகாட்டும். காய்ச்சல் இருக்காது. ஆறிய தழும்பில் கட்டி வரும், உடையும், நீர் கசியும், மூடும், மறுபடி உடையும்.

● மாதக்கணக்கில் மருந்து: வழக்கமான 5 நாள் மாத்திரை இதற்குப் போதாது. சீழையோ சதைத் துணுக்கையோ எடுத்து, மைக்கோபாக்டீரியத்துக்கென்றே கல்ச்சர் பரிசோதனை செய்ய வேண்டும். கிளாரித்ரோமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகளைக் கூட்டாக, மாதக்கணக்கில் கொடுப்பார்கள். சிலருக்குப் புண்ணை வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும்.

● மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்: அறுவை சிகிச்சைக்குப் பின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலும் வயிற்று வலியும் இடது தோள்பட்டை வலியும் வந்தாலோ, இரைப்பைத் தையலில் கசிவு இருக்கலாம். இதற்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. தேங்கிய சீழை வெளியேற்றியே ஆக வேண்டும். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

● எடைக்கேற்ற ஊசி: புண் சீழ் பிடிக்காமலிருக்க, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் ஊசி போடுவது வழக்கம். பெரியவர்களுக்கு 2 கிராம். எடை 120 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 3 கிராம்.

● குடல் மாறினால் கணக்கும் மாறும்: எடை குறைப்புக்கான பைபாஸ் அறுவை சிகிச்சையில் இரைப்பை சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகிவிடுகிறது. சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே உணவு கடந்துவிடுகிறது. அதனால் சில மருந்துகள் உடம்பில் சேரும் அளவு மாறலாம். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் பலருக்கு ஒத்துவராது. திரவ மருந்தோ வேறு வடிவமோ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

● சத்து மாத்திரையின் குறுக்கீடு: இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தினமும் கால்சியமும் இரும்புச் சத்தும் எடுப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சாசின் மாத்திரையைச் சேர்ந்தாற்போல் விழுங்கினால், கால்சியமும் இரும்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் மருந்து போதுமான அளவு சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போதான் அதை எடுக்க வேண்டும். வேறு உணவில்லாமல் பாலோடோ தயிரோடோ மட்டும் சேர்த்து விழுங்குவதும் கூடாது.

● தரமணி தந்த எச்சரிக்கை: 2010-ல் உலகையே உலுக்கிய என்.டி.எம்-1 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் முறியடிக்கும் அந்த மரபணு, சென்னையில் எடுத்த கிருமிகளில் மட்டும் 44-ல் இருந்தது.

● ஆலத்தூர் தந்த நம்பிக்கை: திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் ஆலை வைத்திருக்கும் ஆர்க்கிட் பார்மா கண்டுபிடித்த மருந்து என்மெட்டாசோபேக்டம். செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கை அழிக்கக் கிருமி விடும் நொதியை இது தடுக்கிறது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு இவை இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தை 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அங்கீகரித்தது.

● சிவப்புக் கோடு: மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 2014 மார்ச் முதல், கட்டுப்பாடுள்ள மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளவற்றை யாருக்கு விற்றோம் என்று மருந்துக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

● மறக்காமல் சொல்லுங்கள்: குடல் பைபாஸ் செய்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆபரேஷன் முடிந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், இருமலுக்கோ காய்ச்சலுக்கோ போகும்போது டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். எடை தானாகக் குறைந்தால் ஆபரேஷன் வேலை செய்கிறது என்று மகிழ்ந்து சும்மா இருந்துவிடாதீர்கள். சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சௌரி முத்து காலத்தில் கிடைக்காத மருந்து இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.