பெரியம்மையும் உயிரியல் பயங்கரவாதமும்

பெரியம்மை என்பது வேரியோலா என்னும் தீநுண்மத்தால் மனிதருக்கு மட்டுமே உண்டாகி வந்த கொடிய தொற்றுநோய் ஆகும். இதன் கடும் வகையில் நோயுற்றோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். இந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 1980 மே 8 அன்று அறிவிக்கப்பட்டது. ஆயினும், இது உயிரியல் பயங்கரவாதத்துக்குப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் நிலவுகிறது.

== அச்சத்தின் காரணங்கள் ==
இத்தீநுண்மத்தை வைத்திருக்க அமெரிக்காவின் அட்லாண்டா, உருசியாவின் கோல்த்சோவோ ஆகிய இடங்களிலுள்ள இரு ஆய்வகங்களுக்கு மட்டுமே இசைவு உண்டு. எனினும் 2014 இல் அமெரிக்காவின் வேறோர் ஆய்வகத்தில், மறக்கப்பட்டுக் கிடந்த பழைய குப்பிகள் கண்டெடுக்கப்பட்டன. இதற்கு நெருங்கிய இனமான குதிரையம்மைத் தீநுண்மத்தைக் கனடிய ஆய்வாளர்கள் செயற்கையாக உருவாக்கிய விவரம் 2018 இல் வெளியானது. மேலும், நோய் ஒழிந்தபின் அம்மை குத்துதல் நிறுத்தப்பட்டதால், அதன்பின் பிறந்தோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் இல்லை.

== தமிழகத்தின் பட்டறிவு ==
1899 இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிறுவனம் அம்மைப்பால் தயாரித்து வந்தது. 1960களின் இறுதியில், சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர் அ. ராமச்சந்திர ராவ் முன்னின்று நடத்திய பணியில், ஒவ்வொரு நோயாளியும் தேடிக் கண்டறியப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டார். அவருடன் பழகியோருக்கு உடனே அம்மை குத்தப்பட்டது. நோய் பெரும்பாலும் கொப்புளம் தோன்றிய பின்னரே பரவும் என்பதால் இம்முறை பலனளித்தது.

== கண்டறிதல் ==
இம்முறையின் வெற்றி முதல் நோயாளியை விரைந்து இனங்காண்பதைப் பொறுத்தது. பெரியம்மையில் கடும் காய்ச்சலுக்குப் பின் முகம், கை, கால்களில் கொப்புளங்கள் மிகுதியாகத் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். ஓரிடத்தில் உள்ளவை யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் அவை உடற்பகுதியில் மிகுந்து, பல பருவங்களில் காணப்படும்.

== திருவள்ளூர் மாவட்டம் ==
கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் பிற மாநிலத் தொழிலாளர் பலர் ஒரே அறையில் தங்கி, தொடர்வண்டியில் தம் ஊர்களுக்குச் சென்று திரும்புகின்றனர். தொற்றேற்றவருக்குப் பொதுவாக 7 முதல் 19 நாட்கள் வரை அறிகுறி தோன்றாது; அதற்குள் அவர் பல மாநிலங்களைக் கடந்திருக்கக்கூடும். தொற்றேற்ற 4 நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ இயலும். எனவே, இத்தகைய இடங்களில் ஐயத்துக்குரிய அம்மையை முதலில் காணும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அதனை உடனே மாவட்ட நலப்பணி அலுவலர்களுக்குத் தெரிவிப்பதே முதல் தற்காப்பு ஆகும்.