சட்டம் திறந்துவிட்ட சந்தை

கொழும்பில் பாவித்த சாமான்கள் விற்கும் கடைகளில் இப்போது குழந்தைகளுக்கான கார் ஆசனங்களைக் காண்கிறேன். இரண்டு கடைகளில் விலையும் கேட்டேன், ஆசனத்தின் வயதும் கேட்டேன். விலையை மட்டும் சொன்னார்கள். இந்தச் சாமானுக்கு வயது ஏன் முக்கியம் என்பதற்கு, அதற்குப் பெருஞ்சந்தை உருவான அமெரிக்காவின் கதையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இவ்விடயத்தில் சட்டமியற்றுவது அந்தந்த மாநிலம். முதலில் முன்வந்தது டென்னஸி. றொபர்ட் சான்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியரின் விடாமுயற்சியால் 1977இல் நிறைவேறிய சட்டம் 1978 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டையும் இருந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் வைத்திருந்தால் போதும் என்றார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் ஐந்து கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க நூறு கிலோவுக்கு மேற்பட்ட பலம் வேண்டும். எந்த உம்மாவின் கைக்கு அது முடியும்? 1981இல் அந்த வாசகத்தை நீக்கினார்கள். 1985 ஆகும்போது ஐம்பது மாநிலங்களிலும் குழந்தை ஆசனச் சட்டம் வந்துவிட்டது. ஏழெட்டு வருடத்தில், விரும்பியவர் மட்டும் வாங்கிய பொருள், பிள்ளை பிறந்த ஒவ்வொரு வாகன வீட்டுக்கும் கட்டாயப் பொருளானது. விளம்பரத்தால் இப்படியொரு சந்தையை எந்த முதலாளி உருவாக்க முடியும்?

பெரியவர்களின் ஆசனப் பட்டி விடயத்தில் வியாபாரக் கணக்கு இன்னும் சுவையானது. 1984இல் மத்திய அரசு, கார்களில் காற்றுப்பை போன்ற தானியங்கிப் பாதுகாப்பைப் படிப்படியாகப் பொருத்தவேண்டும் என்றது. கூடவே, சனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வாழும் மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்குள் பட்டிச் சட்டம் கொண்டுவந்தால் அந்த நிபந்தனை நீங்கும் என்றது. செலவைத் தவிர்க்க விரும்பிய கார்க் கம்பனிகளே பணம் போட்டு, மாநிலம் மாநிலமாகப் பட்டிச் சட்டத்துக்கு ஆதரவு தேடின. அதே ஆண்டில் நியூயோர்க் முதலாவதாகச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. கடைசியில் பட்டியும் வந்தது, காற்றுப்பையும் வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் 18 வயதுக்கு மேற்பட்டோரை இன்றும் அவரவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் வயதும் உயரமும் வேறுபடும். கலிபோர்னியாவில் 2017 முதல், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பின்பக்கம் பார்த்த ஆசனத்தில் இருக்கவேண்டும். பாரமான அல்லது உயரமான பிள்ளைக்கு விலக்குண்டு. ஆனால் ஆசனத்தின் தரம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதை 213ஆம் இலக்கத் தரம் என்பார்கள்.

நமது வியாபாரிகள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். அந்தத் தரத்துக்கு அரசு முன்கூட்டி முத்திரை குத்துவதில்லை. உற்பத்தியாளரே பொறுப்பேற்று லேபிள் ஒட்டுகிறார். லேபிளில் மாதிரி இலக்கமும், செய்யப்பட்ட மாதமும் வருடமும் இருக்கும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் ஆறு முதல் பத்து வருடம் வரை பாவனைக் காலம் குறிக்கிறார்கள். வெயிலில் பிளாஸ்டிக் தளர்ந்துவிடும். பலத்த விபத்தில் அகப்பட்ட ஆசனத்தை மீண்டும் பாவிக்கக் கூடாது என்பதும் அங்குள்ள அறிவுரை. வெடிப்பு வெளியே தெரியாது.

அங்கே காலம் முடிந்ததென்று கழித்த ஆசனத்தை, துடைத்து இங்கே விலைபோட்டு வைத்தால் வாங்கும் வாப்பாவுக்கு எப்படித் தெரியும்? குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஐரோப்பிய ஆசனமென்றால் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் இலக்கமும் கொண்ட அங்கீகார லேபிள் இருக்கும். எந்த நாட்டுச் சாமானானாலும் லேபிள் கிழிந்திருந்தால், பட்டி வேறு ஆசனத்திலிருந்து மாற்றப்பட்டிருந்தால், அந்த ஆசனத்தை இறக்குமதிக் கணக்கில் நட்டமாக எழுதிவிட்டுக் கழித்துவிடுங்கள். லேபிள் உள்ளதைத் திகதி காட்டியே விற்கலாம்.