ஏடுகளில் உறங்கும் அறிவும் துணிந்த எண்ணமும்

சங்கத்தின் சிட்டாவையும் பேரேட்டையும் நாம் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே புரட்டுகிறோம். உறுப்பினரின் பற்று வரவைப் பார்ப்பது ஒன்று. ஆண்டுத் தணிக்கைக்குக் கணக்குக் காட்டுவது மற்றொன்று. அவை முடிந்ததும் ஏடுகள் அலமாரிக்குத் திரும்பிவிடுகின்றன. ஆயினும், எந்த மாதத்தில் எந்த நூல் அதிகம் விலைபோயிற்று, எவ்வளவு மழைக்குப் பின் எந்த விதையை மக்கள் கேட்டு வந்தார்கள் என்பன போன்ற செய்திகளும் அவ்வேடுகளில் அடங்கியே கிடக்கின்றன. அவற்றை யாரும் தனியே எழுதி வைக்கவில்லை; கேட்பாரும் இல்லை.

இவ்வாறு ஒரு காரியத்திற்காகச் சேர்ந்த பெருந்தொகையான விவரங்களைக் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்து, அவற்றுள் மறைந்துள்ள புதிய உண்மைகளை வெளிக்கொணரும் துறைக்குத் ‘தரவு அகழ்வு’ என்று பெயர். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு சிறு பயிலரங்காகக் கூடிய இத்துறையினர், 1995-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் சர்வதேச மாநாடு நடத்தும் அளவுக்குப் பெருகினர். கணிப்பொறியின் வேகம் மட்டும் இவ்வளர்ச்சிக்குக் காரணமன்று. பிறர் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்ட சிலரே இதனை வளர்த்தனர். அத்தகையோரை ஆதரிப்பது ஏன் அவசியம் என்பதை இங்கே ஆராய்வோம்.

ஒன்றையொன்று அறியாத இரு அலமாரிகள்

டான் ஸ்வான்சன் என்பவர் சிகாகோ சர்வகலாசாலையில் நூலகவியல் பேராசிரியராக இருந்தவர், பௌதிகம் பயின்றவர், மருத்துவர் அல்லர். குளிர் பட்டால் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் வெளுத்து மரத்துப் போகும் ‘ரேனோ’ என்னும் நோயைப் பற்றிய கட்டுரைகளை அவர் படித்தார். அந்நோயாளர் பலரின் இரத்தம் சற்றுப் பிசுபிசுப்பு மிக்கது என்று அவை கூறின. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று வேறு சில கட்டுரைகள் கூறின. முதல் வகையை எழுதியோர் இரண்டாம் வகையைப் படிக்கவில்லை. இரண்டாம் வகையை எழுதியோரும் முதல் வகையை நாடவில்லை.

இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் இந்நோய்க்குப் பயன்படக்கூடும் என்ற கருத்தை 1986-இல் ஸ்வான்சன் வெளியிட்டார். 1989-இல் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனை, வேறு நோயின் தொடர்பின்றி இந்நோய் மட்டும் உடையவர்களுக்கு மீன் எண்ணெய் குளிரைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டியதைக் காட்டியது. வேறு நோயின் விளைவாக இது வந்தவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை.

இக்கருத்தை உருவாக்க ஸ்வான்சனுக்குப் புதிய ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. தேவையான செய்திகள் யாவும் அச்சாகி, யாவரும் படிக்கத்தக்க நிலையில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணம்தான் இல்லாதிருந்தது. பின்னர் நீல் ஸ்மால்ஹைசர் என்பவருடன் சேர்ந்து, இவ்விணைப்புகளைக் கணிப்பொறியே தேடித் தருவதற்கான முறையையும் அவர் வகுத்தார். எழுத்துக்களைத் தோண்டி அறிவு காணும் ஆராய்ச்சிக்கு அவருடைய கட்டுரை வழிகாட்டியாயிற்று.

பண்டகசாலைக் கணக்கு

இரண்டாவது உதாரணம் கடை வியாபாரத்தைச் சார்ந்தது. எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்பதை விற்பனைச் சீட்டுகளிலிருந்தே அறிய இயலுமா? 1993-இல் ராகேஷ் அகர்வால், தோமஷ் இமியெலின்ஸ்கி, அருண் சுவாமி ஆகிய மூவர் இக்கேள்வியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். கேள்வி எளிது, கணக்கோ மலைப்பைத் தருவது. 1,000 பொருள்கள் விற்கும் ஒரு பண்டகசாலையில் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,99,500 சேர்க்கைகள் உண்டாகும். மும்மூன்றாகச் சேர்த்தால் 16 கோடியே 61 லட்சத்திற்கும் மேல்.

மறு ஆண்டு, 1994-இல், அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் இதற்கு ஓர் எளிய வழியைக் கூறினர். 10,000 விற்பனைச் சீட்டுகளில் ஜமுக்காளம் 20 சீட்டுகளில் மட்டுமே இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஜமுக்காளமும் தலையணையும் சேர்ந்து 20-க்கு மேற்பட்ட சீட்டுகளில் வர இயலாது அல்லவா? 100 முறையாவது சேர்ந்து வந்தவையே நமக்கு வேண்டும் என்றால், ஜமுக்காளம் இடம்பெறும் எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணாமலே விலக்கி விடலாம். இவ்வாறு விலக்கிக்கொண்டே சென்றால் கோடிக்கணக்கான வேலை கைக்கு அடங்கியதாகிவிடும். கேள்வியைத் துணிந்து கேட்ட பின்னரே வழியும் பிறந்தது.

முளைக்கும் முன் விளைச்சல் கேட்கலாமா?

இத்தகைய எண்ணங்களுக்கு வரும் இடையூறு ஒன்று உண்டு. பணம் உதவுவோர் முடிவு என்ன என்று கேட்கின்றனர். கட்டுரையை மதிப்பிடுவோர் சோதனை அட்டவணைகள் எங்கே என்று கேட்கின்றனர். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் அன்று பிறந்த எண்ணத்திற்கு அட்டவணை ஏது? ஆகையால், இளம் ஆராய்ச்சியாளர்கள் பிறர் உழுத சாலிலேயே உழுது, நூற்றுக்கு ஒரு பங்கு திருத்தம் காட்டுவதோடு நின்றுவிட நேரிடுகிறது.

இக்குறையை உணர்ந்து, அமெரிக்காவில் 2006-இல் ஏற்பட்ட கணிப்பொறிச் சமூகக் கூட்டமைப்பு ஓர் ஏற்பாடு செய்தது. விஞ்ஞான மாநாடுகளில் ‘நீலவான் எண்ணங்கள்’ என்ற தனிப் பகுதி அமைத்து, இன்னும் நிரூபிக்கப்படாத, ஆனால் புதிய திசையைக் காட்டக்கூடிய கட்டுரைகளுக்கு இடமும் சிறு பரிசும் அளித்தது. பரிசுத்தொகை பெரிதன்று. தொலைநோக்கோடு எண்ணுவது குற்றமன்று என்று சபையறியச் சொன்னதே அதன் பெரும் பயன்.

பொதுப் பணத்தின் உதவியும் சிறப்பாகப் பலித்துள்ளது. 1990-களில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும், தேசிய விஞ்ஞான நிறுவனம் உதவிய நூலகத் திட்டத்தின் சூழலில் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையை வகுத்தனர். அதிலிருந்தே 1998-இல் கூகுள் நிறுவனம் தோன்றியது.

துணிவுக்கு உரைகல்

அதே நிறுவனம் 2008-இல் மற்றொரு துணிந்த முயற்சியைத் தொடங்கியது. மக்கள் கணிப்பொறியில் தேடும் சொற்களைக் கொண்டு ஃபுளூ காய்ச்சல் எங்கே எவ்வளவு பரவுகிறது என்று மதிப்பிடுவது அதன் நோக்கம். தொடக்கத்தில் பலரும் வியந்தனர். ஆனால் 2012-13 குளிர்காலத்தில் மதிப்பீடு மிகைப்பட்டு, ஒரு கட்டத்தில் மருத்துவர்கள் தந்த கணக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2015-இல் அம்மதிப்பீடுகளை வெளியிடுவது நிறுத்தப்பட்டது.

விவரங்கள் மலைபோல் குவிந்தால் தற்செயலான பொருத்தங்களும் மலைபோல் குவியும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். ஆகவே எண்ணத்தை வரவேற்க வேண்டும். உரைத்தும் பார்க்க வேண்டும். ஸ்வான்சனின் கருத்தும் நோயாளரிடம் சோதிக்கப்பட்ட பின்னரே மதிப்புப் பெற்றது.

சங்கங்கள் செய்யத்தக்கது

நெசவாளர் புதிய கரை மாதிரியை எடுத்த எடுப்பில் பாவு முழுவதும் நெய்துவிடுவதில்லை; ஒரு முழம் நெய்து பார்க்கிறார். உழவரும் புது விதையை வயலின் ஒரு மூலையில் விதைத்துப் பார்க்கிறார். பொய்த்தாலும் அந்த மூலையோடு போயிற்று; பலித்தால் மறு பருவத்தில் வயல் முழுவதும் அதுவே. ஆராய்ச்சி எண்ணத்திற்கும் இம்முறையே பொருந்தும்.

நம் சங்கங்கள் சர்வகலாசாலைகளுக்குப் பொருளுதவி செய்ய வேண்டுமென்பதில்லை. ஏடுகளைப் பிழையின்றியும் தொடர்ச்சியாகவும் வைத்திருப்பதே முதல் உதவி; அரைகுறைப் பதிவிலிருந்து யாராலும் அறிவைத் தோண்ட இயலாது. ஆராய விரும்பும் மாணவருக்கு ஏடுகளைக் காட்டுமுன், உறுப்பினரின் சம்மதம் பெற்று, அவர்தம் பெயரையும் கடனையும் மறைத்துக் கொடுப்பது கடமை. கண்ட முடிவைப் பொதுக்குழுவில் வந்து விளக்குமாறு அம்மாணவரைக் கேட்பது நமது உரிமை.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பொதுக்குழுவில் ஓர் இளைஞர் எழுந்து, “பத்தாண்டு விற்பனையையும் மழைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் என்ன?” என்று கேட்டால், சிரித்து உட்கார வைக்காதீர்கள். ஒரு மூலை நிலமும் ஒரு பருவமும் அவருக்கு அளியுங்கள்.