பைக் விபத்தில் கை ஏன் செயலிழக்கிறது?

பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் தோள் தரையில் மோதும்போது தலை எதிர்ப்பக்கம் சாய்கிறது. கழுத்திலிருந்து கைக்கு வரும் 5 நரம்பு வேர்கள் அந்த நொடியில் இழுபடுகின்றன. மேல் வேர்கள் சேதமானால் தோளைத் தூக்கவோ முழங்கையை மடக்கவோ முடியாது. கீழ் வேர்கள் என்றால் விரல்களின் பிடி போய்விடும். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று வீட்டிலேயே இருந்துவிடுவது பெரிய ஆபத்து.

நரம்பு நீண்டதா, அறுந்ததா, தண்டுவடத்திலிருந்தே பிய்ந்ததா? கண்ணில்கூட ஒரு தடயம் உண்டு: அடிபட்ட பக்கத்து இமை தொங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் கீழ் வேர் பிய்ந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. கூடுதல் விவரம் தரும். நரம்பு மின்பரிசோதனை சுமார் 3 வாரம் கழித்தே தெளிவாகப் பேசும். அறுந்த நரம்பிழை சிதைய அவ்வளவு நாளாகும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். அது வந்து சேருமுன் தசை மீளாதபடி நலிந்துவிடலாம். அறுவை சிகிச்சை தேவையென்றால் 6 மாதத்துக்குள் செய்வதே நல்லது.