வேலையே நடக்காத அலுவலகம்

'தி ஆஃபிஸ்' தொடரின் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பெரும்பாலும் கதையைப் பேசுவதில்லை. அதில் வரும் அலுவலக ஊழியர் கெவின் ஆசையாகச் சமைத்துப் பெரிய பாத்திரத்தோடு தூக்கிவந்த சில்லி குழம்பைத் தரைவிரிப்பில் கொட்டிவிட்டு, அள்ளப் போய் அதிலேயே வழுக்கி விழுந்ததைப் பேசுவார்கள். சக ஊழியர் ட்வைட்டின் ஸ்டேப்ளரை ஜிம் ஜெல்லிக்குள் உறைய வைத்தது, ஸ்டான்லி தலை நிமிராமல் குறுக்கெழுத்து போட்டது என்று சில்லறை விஷயங்களாகவே பேச்சு நீளும். 2013 மே மாதம் முடிந்துபோன இந்த அமெரிக்கத் தொடரை 2020-ல் அந்நாட்டு மக்கள் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்கிறது நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் ஊரில், காகிதம் விற்கும் டண்டர் மிஃப்லின் என்ற கற்பனை நிறுவனத்தின் கிளைதான் கதைக்களம். அங்கே உலகம் தலைகீழாகும் சம்பவம் எதுவும் நடப்பதில்லை. அப்படியிருந்தும் முன்பு கூட வேலை பார்த்தவர்களைப்போல அந்தப் பாத்திரங்களை ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்களே, அது நகைச்சுவையால் மட்டும் வந்ததல்ல. தொடரை எடுத்த விதமே அப்படி.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் பிபிசிக்காக 2001-ல் தொடங்கிய மூலத் தொடர் 14 பகுதிகளோடு முடிந்துவிட்டது. கூர்மை என்று பார்த்தால் அதற்கே முதல் மதிப்பெண். க்ரெக் டேனியல்ஸ் என்பிசிக்காகத் தழுவி 2005-ல் தொடங்கியதோ ஒன்பது பருவம், 201 பகுதி என்று இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுவைதான் அதற்கு வாய்த்த வரம். நாமாகத் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு வருஷக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் அலுவலகப் பழக்கம் உண்டாகும். 14 பகுதிகளில் அது கூடிவராது. ஆவணப்படக் குழு ஒன்று எடுப்பதுபோன்ற பாவனையில் நகரும் இத்தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் கண் தானாக அலையும், பின்வரிசை மேஜைகளில் போய் நிற்கும். அங்கே இருப்பவர்களும் வெறும் கூட்டமல்ல. ஃபிலிஸாக வரும் ஃபிலிஸ் ஸ்மித், நடிகர் தேர்வுக் குழுவில் வேலை பார்த்தவர். பி. ஜே. நோவக், பால் லீபர்ஸ்டீன், மிண்டி கேலிங் மூவரும் எழுத்தாளர் அறையிலிருந்து வந்து நடித்தவர்கள். (மிண்டியின் தந்தை தமிழர், மிண்டியின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 2006-ல் வந்த தீபாவளிப் பகுதியை எழுதியவர் அவர்தான்.) வசனம் எழுதுகிறவர்களே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால், ஓரத்து மனிதர்களுக்கும் ஆளுக்கொரு குணமும் கிறுக்கும் அமைந்தன.

தொடர் நெட்ஃப்ளிக்ஸில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது, பெருந்தொற்றில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். 2020-ன் எண்ணிக்கைக்கு அது சரியான விளக்கமே. ஆனால் 2007 அக்டோபரிலேயே ரசிகர்கள் ஸ்கிரான்டனுக்குத் திரண்டு வந்து மாநாடு கூட்டினார்கள். அப்போது பெருந்தொற்றும் இல்லை, நெட்ஃப்ளிக்ஸின் இணைய ஒளிபரப்பும் கைக்குழந்தை. இத்தனைக்கும் படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். படம் பிடிக்காத ஊரைத் தேடிப் போகிறவர்களைச் சும்மா பொழுதுபோக்க வந்தவர்கள் என்று ஒதுக்க முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மைக்கேல் ஸ்காட்டைப் பற்றியது. ஊழியர்களின் இனத்தையும் உடலையும் கேலி செய்யும் மேலாளரை ஏக்கத்தோடு நினைப்பது, அலுவலக அவமானங்களுக்கு வெள்ளையடிப்பதாகாதா? இனப் பன்மை குறித்துப் பாடம் நடத்துகிறேன் என்று கிளம்பும் இரண்டாவது பகுதியில், இந்தியர்களின் உச்சரிப்பை நக்கலடிக்கும் மைக்கேலை, மிண்டி நடித்த கெல்லி ஓங்கி அறைந்துவிடுகிறாள். அதில் சிரிப்புக்கு இலக்கு அறை வாங்கியவர்தான். அவர் உளறும்போதெல்லாம் கேமரா திரும்பிப் போவது, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் நெளியும் முகங்களுக்கு. ஆனாலும் ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாம் பருவத்திலிருந்து மைக்கேலை அன்புக்கு ஏங்கும் அசட்டு மனிதராக இளக்கிவிட்டார்கள். நிஜ மேலாளர்கள் எழுத்தாளர் குழுவின் தயவில் அவ்வளவு சுலபமாகத் திருந்துவதில்லை. ஆனால் ஏக்கம் அந்த ஒருவர்மீது மட்டும் என்றால், மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கேரல் 2011-ல் விலகியதோடு அது தீர்ந்திருக்க வேண்டும். அதன்பின் வந்த இரண்டு பருவங்கள் சுமார் ரகம் என்று ரசிகர்களில் பலரே ஒப்புக்கொள்வார்கள். திரும்பப் பார்க்கும்போது அவற்றையும் விடாமல் பார்க்கிறவர்கள் ஏராளம். கெவினும் ஃபிலிஸும் ஸ்டான்லியும் அங்கேதானே வேலை பார்க்கிறார்கள்.