நகரும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி நிலத்தடிச் சுரங்கங்களில் நிலக்கரியை வெட்டி எடுக்கும் 'கன்டினியூவஸ் மைனர்' இயந்திரம் மனிதர் நடக்கும் வேகத்தில்கூட நகராது. ஆனாலும் அதற்கும் சுரங்கச் சுவருக்கும் இடையே நசுங்கித் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

முன்பு ஆபரேட்டர் இயந்திரத்தில் அமர்ந்தே அதை ஓட்டினார். முட்டுக்கொடுக்காத கூரை இடிந்து விழும் ஆபத்திலிருந்து அவரை விலக்கி வைக்க, பின்னர் வந்த ரிமோட் உதவியது. ஆனால், இருக்கையைவிட்டு இறங்கியவர் இயந்திரத்தின் பக்கத்திலேயே நடக்க வேண்டியதாயிற்று. பல டன் எடையுள்ள அது, டாங்கிபோலச் சங்கிலிப் பட்டைகளில் நகர்வது. ஒரு பட்டை முன்னும் மற்றது பின்னும் சுழன்றால், நின்ற இடத்திலேயே திரும்பும். அப்போது பின்பகுதி சுவர்ப்பக்கம் வீசி வரும், ஒதுங்க இடமிருக்காது. ஒரு வெட்டு முடிந்து அடுத்த இடத்துக்கு இயந்திரத்தை மாற்றும் நேரம் குறிப்பாக ஆபத்தானது.

அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது. இவ்வகை இயந்திரங்களில், ஆள் நெருங்குவதை உணரும் கருவி கட்டாயமானது. இன்று புழக்கத்திலுள்ள கருவிகளில் இயந்திரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். தொழிலாளி அணிந்திருக்கும் சிறு கருவி அதை அளந்து தூரத்தைக் கணிக்கும். அவர் நெருங்கினால் ஒலியும் விளக்கும் எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் இயந்திரம் தானாக நின்றுவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. அணியும் கருவியின் பேட்டரி தீர்ந்தால் பயனில்லை. தூசி அளக்கும் மின்னணுக் கருவியை அதை ஒட்டி மாட்டினால் குறுக்கீடு நேரலாம். அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது விதி. மேலும், வெட்டிய கரியைச் சுமந்து ஓடும் ஷட்டில் கார்கள் இந்த விதிக்குள் வரவில்லை. காற்றோட்டத்துக்காகக் கட்டிய திரைக்கு அப்பால் ஆள் நிற்பது அவற்றின் ஓட்டுநருக்குத் தெரியாது.

ஆகவே பழைய ஒழுங்குகள் இன்றும் தேவை. ஷட்டில் காருக்குக் குறுக்கே போகுமுன் தலைவிளக்கை அசைத்துச் சைகை காட்ட வேண்டும். ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பதில் சைகை தரும்வரை நகரக் கூடாது. ரிமோட் பிடித்தவரும், இயந்திரம் எந்தப் பக்கம் வீசினாலும் எட்டாத இடத்தில் தானும் உடனிருப்பவர்களும் நிற்பதை உறுதிசெய்த பிறகே அதை நகர்த்த வேண்டும். தானியங்கித் தடை கடைசிக் காப்பு; நிற்கும் இடமே முதல் காப்பு.