பூத்த மரத்தில் மருந்து தெளிக்கலாமா?

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு போன்ற ஊர்களில் சாமையோடு புளி, மா, பலா, தேன் ஆகியவையும் குடும்பத்துக்குக் கைகொடுக்கின்றன. மாமரத்துக்குத் தெளிக்கும் மருந்து தேனீக்கு எமனாகாமல் காப்பது எப்படி என்று காண்போம்.

மாம்பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கருகச் செய்வது தத்துப்பூச்சி. அது பெருகும் காலமும் பூ மலரும் காலமும் ஒன்றாக இருப்பதே சிக்கல். ஆகவே பூங்கொத்து தலைகாட்டியதும், மொட்டு விரியுமுன், மரத்தைச் சோதித்துப் பூச்சி மிகுந்திருந்தால் மட்டும் தெளிக்க வேண்டும். அப்போதும் வேம்பு சார்ந்த மருந்தே நல்லது. மொட்டு விரிந்தபின் பூச்சிக்கொல்லி கூடாது. அறுவடை முடிந்ததும் நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து, உள்ளே வெயில் விழச் செய்தால் தத்துப்பூச்சித் தொல்லை குறையும்.

மாவுக்கு ஈக்கள்தானே மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், ஈக்களின் பங்கு பெரிது. ஆனால் மருந்து ஈயையும் விட்டுவைப்பதில்லையே!

மாலையில் தெளித்தால் தேனீக்குத் தீங்கில்லை என்பது விரைவில் சிதையும் மருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் மரச் சாற்றோடு கலந்து பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேரும். மறுநாள் வரும் தேனீ தப்பாது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து வில்சன்வில் நகரில், 2013 ஜூனில், வண்டி நிறுத்துமிடத்தில் பூத்து நின்ற லிண்டன் மரங்களில் அசுவினியை ஒழிக்க இதே வகையைச் சேர்ந்த டைனோடெஃபியூரான் தெளித்தார்கள். சுமார் 50,000 காட்டுத் தேனீக்கள் மடிந்தன. பிறகு மரங்களை வலையால் மூட வேண்டியதாயிற்று. இவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

தூள் மருந்து வேண்டவே வேண்டாம். அது தேனீயின் ரோமத்தில் மகரந்தத்தோடு ஒட்டிக் கூட்டுக்குள் போய்விடும்.

பெட்டித் தேனீ ஒரு கிலோமீட்டர்வரை இரை தேடும். ஆகவே பக்கத்துத் தோப்பில் தெளித்தாலும் உங்கள் பெட்டிக்கு ஆபத்து. தெளிப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முந்தைய இரவு தேனீக்கள் கூடடைந்தபின் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, பெட்டிமேல் ஈரச் சாக்கு போர்த்தி, உள்ளே சர்க்கரைப் பாகு வைக்கவும். ஒரு நாளுக்குமேல் அடைத்தால் புழுங்கிச் சாகும். பாறையில் கட்டும் மலைத்தேனீயையும் பொந்தில் வாழும் தேனீயையும் இப்படி அடைக்க முடியாது. பூத்த மரத்தில் மருந்து படாமல் விடுவதே அவற்றுக்குக் காப்பு.

வாசல் முன் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி குவியலாக இறந்து கிடந்தால் நஞ்சு பட்டிருக்கலாம். அந்தப் பெட்டித் தேனை உண்ணவோ விற்கவோ வேண்டாம். எஞ்சிய கூட்டத்துக்குப் பாகு கொடுத்து, ராணி முட்டையிடுகிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்கவும்.